மெல்லிய ஜெர்கின் குறித்து மைத்துனருக்கு

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

நீங்களும் வீட்டில் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அந்த அனைவரில் மூன்று வாரமாக உங்கள் தங்கையும் சேர்ந்திருப்பதால், வழக்கத்தைவிடச் சற்று அழுத்தியே நம்புகிறேன். என் நலத்தை யாரும் விசாரிக்காததால் நானே சொல்லிக்கொள்கிறேன்: சுமார்தான்.

அவள் பெட்டியோடு கிளம்பி வந்த காரணத்தை அவள் பங்குக்குச் சொல்லியிருப்பாள். பிரிட்ஜைத் திறந்தால் நான் பின்னால் நின்றுகொண்டு நொடி எண்ணுகிறேனாம். எண்ணினேன், மறுக்கவில்லை. குளிர்பதனக் கிடங்கில் முப்பத்தோரு வருடம் மேற்பார்வையாளனாக இருந்து, "கதவைச் சாத்து, கதவைச் சாத்து" என்று கத்தியே 'கதவு சார்' என்று பெயரெடுத்தவன், ஓய்வு பெற்ற மறுநாளே வாயை மூடிக்கொள் என்றால் எப்படி மச்சான் முடியும்? "அந்தக் கிடங்கைக் கட்டிக்கிட்டு அழுதது போதாதா? தினம் விடியக்காலையில ஒரு மணி நேரமாவது சைக்கிள் ஒண்ணு வாங்கி எடுத்துக்கிட்டு வெளியே போங்க. ஒழுங்கா போறீங்கன்னு தெரிஞ்சாத்தான் வருவேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். அன்று சாயங்காலமே சைக்கிள் வாங்கிவிட்டேன். கஷ்டம் சைக்கிளில் இல்லை, உடுப்பில்.

கிடங்கில் ஒரு சட்டம் உண்டு. மாட்ட வேண்டியதையெல்லாம் வெளியிலேயே மாட்டிக்கொள்ள வேண்டும், உள்ளே போனபின் ஒரு பொத்தானைக்கூடக் கழற்றக் கூடாது. அதன்படியே முதல் நாள் இரண்டு பனியன், முழுக்கைச் சட்டை, கம்பளிச் சட்டை, கிடங்கில் கொடுத்த பஞ்சுக் கோட்டு, காதை மூடும் தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டு ஐந்தரை மணிக்கு ஏறி மிதித்தேன். பாலத்து ஏற்றம் முடிவதற்குள் உள்ளே வெந்துவிட்டேன். கழற்றித் தொலைக்க வேண்டியதுதானே என்று உங்களுக்குத் தோன்றும், எனக்குத் தோன்றவில்லையே! இறக்கத்தில் காற்றடித்ததும் அத்தனை வியர்வையும் ஜில்லிட்டு, பல் தந்தியடிக்க வீடு வந்து சேர்ந்தேன். நாலு நாள் இருமல். ஏன்னு கேக்க நாதியில்லை.

அப்புறம் வெறும் பனியனோடு முயன்றேன், விரல் விறைத்துப் பிரேக்கைப் பிடிக்க வரவில்லை. சரி, காற்றுதானே எதிரி என்று மழைக்கோட்டை மாட்டினேன், கால் மணி நேரத்தில் உள்ளே குளித்தே விட்டேன். கடைசியில் சைக்கிள் கடைக்காரரிடம் போய் அழுதேன். "சார், கிளம்பும்போது லேசா குளிரணும், அதான் கணக்கு. உள்ள வியர்வையை இழுக்குற பனியன், மேல காத்தைத் தடுக்குற மெல்லிசு ஜெர்கின். சூடு ஏறினதும் கழட்டி மடிச்சுப் பையில போட்டுக்குங்க" என்றார். "வேணும்னே குளிர்றதா?" என்றேன். "பத்து நிமிஷம் பொறுத்துக்க மாட்டீங்களா?" என்றார் மனிதர். பேச்சுத் துணையில்லாத வீட்டில் மூன்று வாரம் பொறுத்தவனுக்குப் பத்து நிமிடம் ஒரு பொருட்டா மச்சான்? வாங்கினேன். ஒரு அளவு பெரிசு. காத்து உள்ள பூந்து முதுகு உப்பி, கை ரெண்டும் படபடன்னு அடிச்சுக்குது. இந்த வயசுல இந்தக் கோலத்துல தினம் தினம் நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆகவே, ஆள் சொன்ன சொல் தவறாமல் தினமும் ஓட்டுகிறார், உடுப்புத் தகராறு தவிர வேறு குறையில்லை என்று உங்கள் தங்கையிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். இந்தக் கடிதத்தையே காட்டினாலும் சரி. பிரிட்ஜை அவள் நாள் முழுக்கத் திறந்து வைத்தாலும் நான் வாய் திறக்க மாட்டேன்.

அக்காவுக்கு என் வணக்கங்கள். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உங்கள் தங்கைக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, எது பொருத்தமோ அதை நீங்களே பார்த்துச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: கடிதத்தை அவளிடம் காட்ட வேண்டாம். நான் ஓட்டியது அந்த முதல் நாள் மட்டும்தான். மற்ற உடுப்பையெல்லாம் மாட்டிக்கொண்டு கூடத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி, மேசை மின்விசிறிக்கு முன்னால் நின்றுதான் பார்த்தேன். குளிருக்குப் பயந்து இல்லை மச்சான். முதல் நாள் திரும்பி வந்ததும் எதிர்வீட்டுக்காரர், "நீங்க இல்லாதப்போ யாரோ வந்து பெல் அடிச்சுப் பாத்துட்டுப் போனாங்களே" என்றார். யாருன்னு அவருக்கும் தெரியல. அவளா இருக்காது, போய் ரெண்டு நாள்தான் ஆகியிருந்தது, அன்னிக்கு அவ உங்க வீட்டிலதான் இருந்திருப்பா. இருந்தாலும் உங்களிடம் கேட்கத் தைரியம் வரவில்லை. உங்கள் ஊரிலிருந்து முதல் பஸ் இங்கே வருவது ஐந்தே முக்காலுக்கு, சரியாக நான் சைக்கிளில் போயிருக்கும் நேரம். அவ வந்து, வீடு பூட்டிக் கிடக்கிறதைப் பாத்துட்டு, அப்படியே திரும்பிட்டான்னா நான் என்ன பண்ணுவேன்? அவள் வருவதாக இருந்தால் எந்தத் தேதி என்று மட்டும் எழுதுங்கள். மற்ற நாளெல்லாம் சத்தியமாக ஓட்டுகிறேன்.