ஜாக்கிரதை தோணி ஏறினார்

பயப்படுவதில் ஜாக்கிரதையை மிஞ்சச் சேலம் ஜில்லாவில் ஆள் பிறக்கவில்லை. அப்படியே பிறந்திருந்தாலும் அந்த ஆள் பயந்துகொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்திருப்பான். நமக்குத் தெரிய வந்திருக்காது.

ஜாக்கிரதை சங்ககிரியில் மளிகைக் கடை வைத்திருந்தார். அரைப்படி உளுந்து வாங்கிக்கொண்டு படியிறங்குகிறவர்களைக்கூட, "பாத்துப் போங்க, ஜாக்கிரதையுங்க" என்று சொல்லித்தான் அனுப்புவார். அதனால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் அவர் சம்சாரத்துக்குத் தெரிந்திருக்கும். அந்தக் காலத்தில் சம்சாரங்கள் புருஷன் பெயரைச் சொல்லுவதில்லையாகையால் அது அப்படியே மறைந்துபோயிற்று.

கடையில் ஏணி ஒன்று உண்டு. அதில் அவர் ஏறி யாரும் பார்த்ததில்லை. மேல் தட்டிலிருந்த சாமான்களெல்லாம் அவருடைய அப்பா ஏற்றி வைத்தவை. "மேல இருக்கற அந்தச் சோப்பை எடுங்கண்ணா" என்றால், "அது உனக்கு ஒத்துக்காது சாமி" என்பார். தூரத்தில் நாய் தெரிந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி அதற்கு வழிவிட்டு, அது போன பிறகும் கொஞ்ச நேரம் நின்று, அப்புறம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு போய்ச் சேருவார். ஒரு தரம் அவரை எங்கள் ஊர் மலைக்கோட்டைக்கு இழுத்துக்கொண்டு போனோம். பாதி வழியில் தெரியாத்தனமாகக் கீழே பார்த்துவிட்டார். ஏறியது நடந்து; இறங்கியது உட்கார்ந்தபடியே. வேட்டியின் பின்பக்கம் மலைக்குக் காணிக்கையாயிற்று.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கும் எனக்கும் எப்படிச் சிநேகம் உண்டாயிற்றோ, தெரியாது. நான் கிணற்று மேட்டிலிருந்து தலைகீழாகக் குதிக்கிறவன். எங்கள் பக்கத்தில் நீச்சல் என்றால் கிணற்று நீச்சல்தான். நான் குதிக்கும்போதெல்லாம் ஜாக்கிரதை மேட்டில் நிற்கும் வேப்பமரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, "வந்துட்டயா சாமி? வந்துட்டயா?" என்று கேட்டபடி இருப்பார். நான் மேலே வந்து பதில் சொன்ன பிறகுதான் கண் திறக்கும்.

யுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால், கடலூரில் ஒரு கல்யாணத்துக்கு எனக்கு அழைப்பு வந்தது. கல்யாணத்தைச் சாக்காக வைத்துப் பாய்மரத் தோணியில் கடலுக்குப் போய்வருவது என்று முடிவு செய்தேன். ஜாக்கிரதையிடம் சொன்னபோது அவர் நிறுத்த பருப்பைத் தராசிலிருந்து திரும்ப மூட்டையிலேயே கொட்டிவிட்டார்.

"வேண்டாஞ் சாமி."

"எனக்குத்தான் நீச்சல் தெரியுமல்லங்கண்ணா?"

"அதுதான் எனக்குப் பயம். நம்மூர்ல கெணத்துல முழுவிச் செத்தவங்க யாரு? அத்தன பேரும் நீச்சத் தெரிஞ்சவங்க. தெரியாதவன் தண்ணி பக்கத்துலயே போவ மாட்டான்."

போய்த்தான் தீருவேன் என்றேன். அவர் தராசைக் கீழே வைத்தார்.

"அப்ப நானும் வாரேன்."

சேலத்தில் ரயில் ஏறியதிலிருந்து அவர் மடியில் ஒரு துணி மூட்டை இருந்தது. அதில் முறுக்கு இருக்கும் என்று நான் நம்பினேன். விருத்தாசலம் வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்கண்ணா, அதுல என்னங்க?" என்றேன். "ஆபத்துக்கு ஆவறது" என்றார். கல்யாண வீட்டிலும் மூட்டையைக் கையை விட்டு இறக்கவில்லை.

மறுநாள் காலையில் துறைமுகத்துக்குப் போனோம். தோணிக்காரர் வெயிலில் கருத்து இறுகிய பெரியவர். ஜாக்கிரதை தோணியைச் சுற்றி வந்து அதன் மரத்தைத் தட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, கடல் ஆழம் எத்தனை இருக்குமுங்க?"

"அத்த யாரு எறங்கிப் பாத்தது? குந்துங்க, ஒண்ணும் ஆவாது."

ஜாக்கிரதை மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தோணியின் நடுவில் உட்கார்ந்துவிட்டார்.

முகத்துவாரம் தாண்டும்வரை நான் அவரைக் கேலி செய்துகொண்டே வந்தேன். தாண்டியதும் தோணியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அலை ஒவ்வொன்றும் தோணியைத் தூக்கித் தூக்கிப் போட்டது. கிணற்றில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கல்லுக்கட்டு தெரியும். இங்கே ஒரு பக்கம் முழுக்க ஒன்றுமே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. அதைச் சொல்லவும் பயமாக இருந்தது.

கரையோரமாகக் கொஞ்ச தூரம் போயிருப்போம். திடீரென்று காற்று திரும்பி அடித்தது. பாய்க்கயிறு பட்டென்று அறுந்தது. பாய் சரிந்து விழ, தோணி குறுக்கே திரும்பி அலைக்கு விலாவைக் காட்டியது. அடுத்த அலை நேராக உள்ளே வந்து எங்கள் மடியில் உட்கார்ந்தது. "ஆடாம குந்துங்க" என்று கத்திவிட்டுத் தோணிக்காரர் பாய்மரத்துக்குத் தாவினார்.

எனக்குப் புத்தி கலங்கிவிட்டது. தோணி கவிழப் போகிறது என்பது ஒன்றுதான் தெரிந்தது. கரையில் தென்னை மரங்கள் தெரிந்தன. கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான் என்று பட்டது. சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு எழுந்து நின்றேன்.

பின்னாலிருந்து ஒரு கை என் அரைஞாண் கயிற்றைப் பிடித்து இழுத்தது. தொப்பென்று உட்கார்ந்தேன்.

"விடுங்கண்ணா, கரை அங்கதானுங்க இருக்குது. நீந்திருவேன்."

"கெணத்துல நாலு கை போட்டாச் செவுரு வந்துரும் சாமி. இங்க செவுரே இல்ல. உக்காரு."

பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தன அவருக்கு. ஆனாலும் பிடியை விடவில்லை. மற்றொரு கையால் மூட்டையை அவிழ்த்தார். உள்ளே காய்ந்த சுரைக்குடுக்கைகள் இரண்டு, கயிறு கட்டித் தயாராக இருந்தன. எங்கள் ஊரில் நீச்சல் பழகும் பொடியன்களின் முதுகில் கட்டிவிடுவோமே, அவைதான். கிணறுகளுக்கெல்லாம் ராஜாவான என் முதுகில் அவற்றை வைத்து இறுக்கிக் கட்டினார். கயிற்றின் மிச்சத்தைக் குறுக்குப் பலகையில் முடிந்தார். அதுவும் போதாதென்று என் கால்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

தோணிக்காரர் எப்படியோ கயிற்றை முடிந்து பாயை ஏற்றினார். தோணி நிமிர்ந்தது. திரும்பி வரும்போது அவர் என் முதுகைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"குதிச்சிருந்தா அவ்ளோதான். இங்க அடியில நீரோட்டம் இழுக்குது. கரை கிட்டக்க தெரியும், போய்ச் சேர முடியாது."

கரையில் கால் வைத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மணலில் ஜாக்கிரதை என் முதுகுக் கட்டை நிதானமாக அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கண்ணா, உங்களுக்கு நீச்சலே தெரியாதே. ஒரு குடுக்கையாவது நீங்க கட்டியிருக்கலாமல்லங்க?"

"நான் எதுக்குச் சாமி குதிக்கறேன்?"

"தோணி கவுந்திருந்தா?"

அவர் கை நின்றுவிட்டது. உலகத்திலுள்ள ஆபத்துகளையெல்லாம் யோசித்து வைத்திருந்த மனிதர், தாமும் தண்ணீரில் விழலாம் என்பதை மட்டும் யோசிக்கவேயில்லை. அப்படியே மணலில் உட்கார்ந்து, குடுக்கைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடுங்க ஆரம்பித்தார். சாயங்காலம் வரை நடுங்கினார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஜாக்கிரதை காலமான பிறகு நான் கிணற்றில் குதிப்பதை விட்டுவிட்டேன். கேட்கிறவர்களிடம் வயசாகிவிட்டது என்று சொல்லுகிறேன். மூழ்கித் தலையைத் தூக்கினால், "வந்துட்டயா சாமி?" என்று கேட்க மேட்டில் அவர் இல்லை.