எதிர் மாடி லண்டன்

சம்பத்குமார் லண்டனுக்குப் புறப்பட்டுப் போன மூன்றாம் நாள் காலை, அவனுடைய அம்மா கொடியில் புடவை உலர்த்துவதை ஜன்னலிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கூப்பிட்டால் கேட்கும் தூரம். கூப்பிடத்தான் கூடாது.

தப்பு கப்பல்காரனுடையது. கடல் தாண்டக் கூடாது என்று வருஷக்கணக்கில் முறுக்கிக்கொண்டு நின்ற அப்பா திருநாராயணய்யங்கார், போன ஐப்பசியில்தான் இறங்கி வந்தார். அவர் பள்ளிக்கூட உபாத்தியாயர். வாடகை மலிவு என்று மைசூர் மண்டி மொஹல்லாவில் மிளகாய் மண்டிகளுக்கு நடுவே குடியிருந்தவர். அந்தத் தெருவில் விலையை யாரும் வாயால் சொல்வதில்லை. இருவர் கையையும் சேர்த்துத் தரகர் துண்டைப் போட்டு மூடுவார். உள்ளே விரல்கள் பேசிக்கொள்ளும்; பிடிக்கிற விரல் கூடக் கூட விலை ஏறும். பத்மாஸினி அம்மாள் தன் கணவரிடம் சம்மதம் வாங்கியதும் அந்த மாதிரிதான். துண்டுக்கு அடியில் எந்த விரலைப் பிடித்தாளோ, ஒருவருக்கும் தெரியாது.

"ஆனா ஒண்ணு" என்று அய்யங்கார் முடிச்சுப் போட்டார். "ஜோஸ்யர் குறிச்ச நாழிக்குக் கிளம்பணும். கிளம்பினவன் திரும்பி வந்து இந்த வாசப்படியை மிதிச்சானோ, சீமை போச்சு. அப்புறம் என் ஸ்கூல்லயே வாத்தியார். எலெக்ட்ரிக் படிப்பெல்லாம் இந்த ஜன்மத்துல கிடையாது."

நல்ல நாழிகைக்கு முதல் நாள் பம்பாயிலிருந்து தந்தி வந்தது. கப்பலில் ஏதோ யந்திரம் பழுது. புறப்படும் தேதி பின்னால் தெரிவிக்கப்படும். நாளை விட்டால் மார்கழி பிறந்துவிடும். தை வரைக்கும் காத்திருந்தால் காலேஜில் இடம் போய்விடும்.

"பரஸ்தானம் இருக்கட்டுமே" என்றார் லண்டன் மூர்த்தி.

நரசிம்மமூர்த்தி என்பது அவருடைய பெயர். கோட்டைக்குள் வீடு. சீமையில் மூன்று வருஷம் இருந்துவிட்டு, நெற்றியில் இட்ட நாமம் அழியாமல் திரும்பி வந்த மகானுபாவர் என்பதால் ஊரே அவரை லண்டன் மூர்த்தி என்றது. அங்கே என்ன படித்தீர்கள் என்று கேட்டால், "உலகத்தை" என்பார். அவரைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அய்யங்காருக்கே சீமையின் மேல் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

பரஸ்தானம் தெரிந்த ஏற்பாடுதான். நல்ல நாழிக்குப் பெட்டியோடு கிளம்பி வேறொருவர் வீட்டில் போய் இருந்துவிட வேண்டியது. பெருமாள் கணக்கில் பயணம் தொடங்கிவிட்டது. மிச்சம் கப்பல்காரன் பாடு. நல்ல நேரத்துக்கு அச்சாரம் கொடுத்து வைப்பது போல.

"எதிர்ச்சாரியில லிங்கப்பன் மண்டி மாடி காலியா இருக்கு. அவர் நமக்கு ரொம்ப வேண்டியவர்" என்று மூர்த்தியே இடமும் பார்த்துக் கொடுத்தார்.

கப்பல் பழுதென்று வெளியே சொன்னால் மானம் போகும் என்று மறைத்துவிட்டார்கள். தெருவே கூடி மாலை போட்டு வழியனுப்பியது. ஜட்கா ஸ்டேஷன் பக்கம் போகிற மாதிரி போய், ஒரு சுற்றுச் சுற்றி, பின்சந்து வழியாக லிங்கப்பன் மண்டியின் கொல்லை வாசலில் வந்து நின்றது. சம்பத்குமார் முக்காடு போட்டுக்கொண்டு மாடி ஏறினான்.

அப்படியாக அவன் லண்டன் போய்ச் சேர்ந்தான்.

மூர்த்தி தினம் மாலை பின்சந்தில் வந்து நின்று குசலம் விசாரிப்பார். மாடி ஏறமாட்டார். முழங்காலில் சீமைக் குளிர் பிடித்த வலி.

"சார், கட்டில் ஆடறது. ஒரு கால் குட்டை."

"லண்டன்லயும் அப்படித்தான். பழகிக்கோ."

"நடந்தா கீழேருந்து, மண்டியைப் பெருக்கற மல்லம்மா தொடப்பக்கட்டையால இடிக்கறா சார்."

"லண்டன்ல வீட்டுக்காரி இடிப்பா. மெதுவா நடக்கணும். அதான் நாகரிகம்."

"ரொட்டி செங்கல்லாட்டம் இருக்கு. அம்மா கொஞ்சம் சாத்தமுது..."

"மூச்! அம்மா தளிகையைச் சாப்ட்டா கிளம்பினதா அர்த்தமா? காப்பியில முக்கித் தின்னு. நான் மூணு வருஷம் தின்னேன்."

மார்கழிப் பனி அந்த வருஷம் கொஞ்சம் தாராளமாகவே இறங்கியது. விடியற்காலையில் தெரு முழுக்க வெள்ளையாக நிரம்பிவிடும். அதற்குள்ளிருந்து குதிரைக் குளம்பு கேட்கும், குதிரை தெரியாது. பெரிய கடியாரம் மணி அடிக்கும். அது எந்த ஊர்க் கடியாரம் என்று மணிக்கு யார் எழுதி வைத்தார்கள்? சம்பத்குமார் கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு அரைத் தூக்கத்தில் கிடப்பான். ஜன்னலுக்கு வெளியே தேம்ஸ் நதி ஓசையில்லாமல் போய்க்கொண்டிருக்கும். அதன் அக்கரையில், ரொம்ப தூரத்தில், கனவில் வருகிற வீடு போல ஒரு வீடு. அதன் வாசலில் ஒரு ஸ்திரீ குனிந்து கோலம் போடுவாள். யாரோ தெரிந்தவள் மாதிரி இருக்கும். பனி விலகினால் அம்மா.

அந்தத் தெருவின் அகலம் இரண்டு மாட்டு வண்டி. அதைத் தாண்ட முடியாமல் அவன் அழுதான் என்றால் சிரிக்க வேண்டாம். ஏழு கடல் தாண்டிப் போய் அழுதவர்கள் உண்டு. அவர்களுக்காவது கப்பல் இருந்தது.

எதிர்வீட்டில் வேறு தொல்லை. பக்கத்து வீட்டு ஜயம்மா தினம் வந்து உட்கார்ந்துகொள்வாள்.

"ஏண்டி பத்மாஸினி, பிள்ளை எது வரைக்கும் போயிருப்பான்?"

"போயிண்டிருக்கான்" என்பாள் பத்மாஸினி, எதிர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.

"உனக்கு அவனை நினைச்சு ஏக்கமா இல்லையோ?"

"என்னமோ, பக்கத்துல இருக்கறாப்லயே இருக்கு."

அடைபட்டே கிடந்தால் பிள்ளைக்குப் பித்துப் பிடித்துவிடும் என்று மூர்த்திக்குத் தோன்றியது. தன்னுடைய லண்டன் கோட்டையும் தொப்பியையும் கொடுத்தனுப்பினார். சம்பத்குமார் கோட்டை உதறினான். மூக்கு அரித்தது.

"சீமைப் பனியோட நெடி. இன்னும் போகல பாரு" என்றார் சந்திலிருந்து. "போட்டுண்டு அந்தி சாயறச்சே நடந்துட்டு வா. ஒருத்தருக்கும் அடையாளம் தெரியாது. ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோ: லண்டன்ல எவன் கையை நீட்டினாலும் முழுக் கையையும் அழுத்திப் பிடிச்சு ரெண்டு குலுக்குக் குலுக்கணும். தயங்கினா நாட்டுப்புறத்தான்னுடுவான்."

உண்மையில் ஒருத்தருக்கும் அடையாளம் தெரியவில்லை. அதுதான் வினை. கோட்டும் தொப்பியுமாக ஒருவன் மிளகாய் மண்டிச் சந்தில் மெல்ல, கனவில் நடப்பவன் போல நடந்து வந்தால், அவன் பம்பாய்க் கம்பெனி ஏஜென்ட் இல்லாமல் வேறு யார்? தரகர் பசவராஜ் ஓடிவந்து கும்பிட்டான், கையை நீட்டினான், மேலே துண்டைப் போட்டான்.

மண்டி மொஹல்லாவில் பிறந்து வளர்ந்தவனுக்கு அது தெரியாதா என்று கேட்கலாம். தெரியும். ஆனால் அந்த நிமிஷம் அவன் மண்டி மொஹல்லாவில் இல்லை. விளக்குக் கம்பங்கள் பனியில் மங்கி நிற்கிற ஏதோ ஒரு லண்டன் வீதியில் இருந்தான். எதிரே ஒரு கனவான் கை நீட்டினார். முழுக் கையையும் அழுத்திப் பிடித்தான். இரண்டு குலுக்குக் குலுக்கினான்.

பசவராஜின் முகம் வெளுத்தது. பிறகு மலர்ந்தது. அவன் பரம்பரையிலேயே மிளகாய்க்கு அப்படி ஒரு விலையை யாரும் விரல்விட்டதில்லை.

பொழுது விடிவதற்குள் மூட்டைகள் வந்துவிட்டன. லிங்கப்பன் மண்டிக்குள் ஏஜென்ட் போனதைப் பார்த்தவர்கள் உண்டு. ஆகவே எல்லா மூட்டையும் லிங்கப்பன் மண்டிக்கே. கீழே இடமில்லாமல் மாடிப்படியிலும் அடுக்கினார்கள். இனி அவன் இறங்கவும் வழியில்லை.

"முடிஞ்சேன்" என்று தலையில் கை வைத்தான் சம்பத்குமார்.

லிங்கப்பன் மூட்டைகளின் மேலாகத் தவழ்ந்து ஏறி வந்தார். விபூதிப் பட்டை முழுக்க வியர்வை. அடிக்கத்தான் போகிறார் என்று இவன் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"ஏன் சாமி இப்படிப் பண்ணீங்க?"

"தெரியாம... கை குலுக்கறதா நினைச்சுண்டு..."

"சிவ சிவா! ஏஜென்ட் வாங்குறான்னு கேட்டு ஊர்ல இருக்கிற அத்தனை பேரும் இப்ப அதுக்கு மேல விலை தர்றேங்கிறான். பாதியை வித்தாச்சு." லிங்கப்பன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "அவசரப்படாதீங்க. இன்னும் ஒரு வாரம் லண்டன்லயே இருங்க."

ஆனால் விற்காத பாதியின் தூள் மாடிக்கு ஏறியது. பனி செம்மண் நிறமானது. கண் எரிந்தது. வாயைப் பொத்திப் பார்த்தான். மூக்கைப் பிடித்துப் பார்த்தான். தலையணைக்குள் முகத்தைப் புதைத்துப் பார்த்தான். கடைசியில் மண்டி அதிர ஒரு தும்மல் தும்மினான்.

ஒரே ஒரு தும்மல்.

எதிர் வாசலில் ஜயம்மாவோடு பேசிக்கொண்டிருந்த பத்மாஸினி, பெற்ற வாய் சும்மா இருக்குமா, "ஆயுசு நூறு!" என்று எழுந்துவிட்டாள்.

ஜயம்மா திரும்பினாள். "யாருக்குடி நூறு?"

"அது... லிங்கப்பன் மண்டிப் பூனைக்கு."

"பூனை தும்மினா ஆயுசு நூறா? அதுக்கு ஏண்டி உன் கண்ணு கலங்கறது?"

மாலைக்குள் தெரு முழுக்கச் செய்தி. பிள்ளையைச் சீமைக்கு அனுப்பிவிட்டுப் பத்மாஸினிக்குப் புத்தி பேதலித்துவிட்டது. மிளகாய்க்காரன் வீட்டுப் பூனையைப் பிள்ளை என்கிறாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த அய்யங்காரின் காதுக்கு நாலு வழியாக அது வந்தது. போதாததற்கு ஒற்றைத் தும்மல். அபசகுனம் இதற்கு மேல் என்ன வேண்டும்?

வாசலில் வந்து நின்று மாடியை நிமிர்ந்து பார்த்தார். ஜன்னலிடுக்கில் சம்பத்குமார் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

"போறும். உன் மானமும் போச்சு, சகுனமும் போச்சு. அவனைக் கூப்பிட்டுடறேன்" என்றார் மனைவியிடம். வாயைத் திறந்தார்.

பெயரைச் சொல்லி ஒரு கூப்பாடு போதும். படிப்பு, கப்பல், எல்லாம் அத்தோடு சரி. இதை விடக் கொடுமை, கூப்பிட்டால் ஓடிப்போய் அம்மா மடியில் விழலாம் என்று சம்பத்குமாருக்கே ஒரு கணம் ஆசையாக இருந்தது.

பத்மாஸினி தன் கையால் கணவர் வாயைப் பொத்தினாள். தெருவில் வைத்து, அத்தனை பேர் பார்க்க. மண்டி மொஹல்லா அப்படி ஒரு காட்சியைக் கண்டதில்லை.

"எனக்கு ஒண்ணுமில்லை. நான் இனிமே பூனையைப் பார்க்கலை. சரிதானே?"

உள்ளே போனாள். அவள் வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

அன்றுதான் சம்பத்குமார் உண்மையில் சீமைக்குப் போனான் என்று சொல்ல வேண்டும். அக்கரை மறைந்தது. பனி வரும், மணி அடிக்கும், கட்டில் ஆடும். வாசலில் கோலம் மட்டும் இருக்கும், போட்டவள் தெரியமாட்டாள். அவன் விடியற்காலையில் அந்தப் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டுப் புத்தகத்தைத் திறந்தான். காப்பியில் முக்கின ரொட்டி கூட, என்ன ஆச்சரியம், ருசித்தது.

தந்தி வந்தது. கப்பல் தயார்.

மறுநாள் விடிகிற வேளைக்குப் பின்சந்தில் ஜட்கா நின்றது. பனியில் குதிரையின் தலை மட்டும் மிதந்தது. மூட்டைகளைத் தாண்டிப் பெட்டியோடு இறங்கினான். மூர்த்தி மூலையில் நின்றிருந்தார். கோட்டைக் கழற்றிக் கொடுக்கப் போனவனைத் தடுத்தார்.

"வச்சுக்கோடா. அதுவும் ஒரு தடவை பார்க்கட்டும்."

"எதை சார்?"

"ஊரை." கொஞ்சம் தொண்டையைச் செருமினார். "நான் சொன்னதெல்லாம் அங்க அப்படியே இருக்கான்னு எழுது."

சந்து முனையில் ஒரு சுமங்கலி நிறைகுடத்தோடு எதிரே வந்தாள். புறப்படுகிறவனுக்கு அதைவிட நல்ல சகுனம் கிடையாது. சகுனத்துக்குப் பேச உரிமையில்லை; நின்று பார்க்கவும் கூடாது. அவள் குடம் தளும்ப மெல்ல நடந்து வந்தாள். மார்கழியில் அத்தனை மெல்ல நடக்கிற சகுனத்தை யாரும் பார்த்திருக்க முடியாது. பக்கத்தில் வந்தபோது இரண்டு சொட்டு அவன் பாதத்தில் விழுந்தது. குடத்துத் தண்ணீர் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தது.

அவன் வண்டியில் ஏறினான்.

கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு மல்லம்மா வந்தாள், ஒரு கையில் துடைப்பம், ஒரு கையில் அவனுடைய காலைக் காப்பி. பெட்டியையும் படுக்கையையும் பார்த்துத் திகைத்தாள்.

"பெட்டியெல்லாம் எடுத்துக்கிட்டு எங்கே சாமி?"

"லண்டனுக்கு, மல்லம்மா."

"லண்டனுக்கு எதுக்குக் கீழே இறங்கிப் போறீங்க?" என்றாள் மல்லம்மா. "மூர்த்தி சாமி மூணு வருஷ லண்டனையும் அந்த மாடியிலேயே இருந்துதானே முடிச்சிட்டுப் போனாரு!"