அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒரே துடிப்பு

அப்பாவுக்கு நூற்றுப் பத்து. அம்மாவுக்கும் நூற்றுப் பத்து! செல்போனைப் பார்த்த பாப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பாப்பா என்பது வீட்டுக்குள்தான். வெளியே அவள் கடைகளின் எடை மெஷின்களைச் சோதித்து முத்திரை குத்தும் அதிகாரி. வியாபாரி தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டாள், மெஷின் சொன்னால் நம்புவாள். பெற்றவர்களுக்கும் அதே சட்டம்தான்.

வேறு ஊரில் பதவி உயர்வு வந்திருந்தது. இன்று மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். "தாராளமாப் போ, எங்களுக்கென்ன?" என்று இருவரும் வாய் நிறையச் சொல்லிவிட்டார்கள். உள்ளுக்குள் என்ன பாடோ, யார் கண்டது? அதனால் இதயத் துடிப்பைக் காட்டும் கைப்பட்டையை ஆளுக்கொன்று வாங்கி, "இது நடைக் கணக்குக்கு. நல்லா நடக்கணும், நான் போன்ல பார்த்துட்டே இருப்பேன்" என்று புளுகிக் கொடுத்திருந்தாள்.

அவள் ஆபீசில் இருக்கும்வரை இரண்டு துடிப்பும் சாதுவாகக் கிடக்கும். வீட்டுக்கு வந்து ஹாலில் கால் வைத்தால் போதும், ஒன்றாக எகிறும். நாளெல்லாம் எலியும் பூனையுமாகச் சண்டை போடுகிறவர்களுக்கு இதயம் மட்டும் ஒரே தாளத்தில் துடிக்கிறதே என்று பாப்பா கண் கலங்கினாள். இப்படிப்பட்டவர்களை விட்டுவிட்டு எப்படிப் போவது?

ஹாலில் அவர்கள் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாள் வேலை என்று வந்த பெயிண்டர் ஏணியில் நின்று, ஒரே சுவரை மூன்றாவது தடவையாக அடித்துக்கொண்டிருந்தார். பெயிண்ட் தெறிக்குமே என்று அப்பா முழுக்கைச் சட்டை போட்டிருந்தார், அம்மா சால்வை போர்த்தியிருந்தாள், பெயிண்டர் மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தார்.

பதற்றத்தைத் தணிக்க, பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துச் சிரித்துப் பேசினாள். நூற்றுப் பதினெட்டு.

எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். "சர்க்கரை போதுமாங்க?" என்று பெயிண்டரையும் கேட்டு வைத்தாள். நூற்று இருபத்தைந்து.

ஏணி ஆடியது. அப்பா தலையில் விழுந்து தொலைக்கப் போகிறதே என்று ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள். நூற்று நாற்பது!

இனி தாங்காது. "அப்பா, அம்மா, நான் எங்கேயும் போகல. உங்களோடயே இருக்கேன்!" என்று கத்தினாள்.

மேலிருந்து பிரஷ் நழுவிக் கேரம் போர்டில் விழுந்தது. போனில் நூற்று அறுபது.

"என் காயைக் கலைச்சுட்டீங்களே தம்பி!" என்று அம்மா அலறினாள். பாப்பா அதைக் கேட்க நிற்கவில்லை. பக்கத்து வீட்டு நர்ஸ் அக்காவைக் கையோடு இழுத்து வந்தாள்.

நர்ஸ் அப்பாவின் சட்டைக் கையை மேலே தள்ளினார். வெறுங்கை. அம்மாவின் சால்வையை விலக்கினார். அங்கேயும் வெறுங்கை.

"பட்டை எங்கேப்பா?"

அப்பா தலையைச் சொறிந்தார். "கோவிச்சுக்காதம்மா. யாரு நடக்கறது? தம்பி நாள் பூரா ஏணியில ஏறி இறங்கறாரு. எங்களுக்கும் சேர்த்து அவரே நடந்துடட்டும்னு..."

பெயிண்டர் அசடு வழிய மணிக்கட்டுத் துணியை அவிழ்த்தார். இரண்டு பட்டைகளும் அங்கே இருந்தன.

"அப்போ நான் போறதுல உங்களுக்கு வருத்தமே இல்லையா?"

"அதைத்தானேடி தினமும் சொல்றோம்!" என்றாள் அம்மா. "கேரம் போர்டைப் போட உன் ரூமுக்குக் கலர்கூடப் பார்த்தாச்சு."

பாப்பாவுக்குப் பொசுக்கென்று போய்விட்டது. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் போனைப் பார்த்தவள் திடுக்கிட்டாள். நூற்று எழுபது.

"ஐயோ, இவருக்கு என்னமோ ஆகுது! பாருங்கக்கா!" என்று பெயிண்டரின் கையைப் பிடித்து நர்ஸிடம் நீட்டினாள்.

நர்ஸ் அந்தக் கையைப் பார்த்தார். மூன்று தடவை அடித்த சுவரைப் பார்த்தார். பிறகு பாப்பாவைப் பார்த்தார்.

"இவருக்கு ஒண்ணுமில்ல பாப்பா. நீ கொஞ்சம் அந்தப் பக்கம் போய் நில்லு, தானா இறங்கிடும்."