ஜக்கரியா, 1987

“மேற்கோள் போட்டிருக்கியே, மூலத்தைப் பாத்தியா?”

வழிகாட்டி சுயம்புலிங்கம் சார் கேட்டதும் சுனிதா அந்தப் பக்கத்தைப் புரட்டினாள். எம்.எட். ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில், எல்லாரும் போடுகிறார்களே என்று அவளும் ‘ஜக்கரியா, 1987: குளச்சல் மீனவர் பிள்ளைகளின் பள்ளி வருகை’ என்று போட்டிருந்தாள்.

“இல்ல சார்... வேறொரு ஆய்வேட்டுல பாத்து...”

“கண்ணால பாக்காததை எழுதப்பிடாது மக்கா. வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டு வா. இல்லேன்னா கையெழுத்து கெடையாது.”

“அந்த வரியை அடிச்சிரட்டா சார்?”

“அதெப்பிடி? உன் தலைப்புக்கு அஸ்திவாரமே அதாக்கும்!”

கையெழுத்து விழாவிட்டால் ஒரு வருஷம் பாழ். பல்கலைக்கழக நூலகத்தில் அலமாரி அலமாரியாகத் தேடித் தும்மியதுதான் மிச்சம். கணினியில் தட்டினாள். ஜக்கரியாவை மேற்கோள் காட்டிய ஆய்வேடுகள் பதினொன்று வந்தன. ஜக்கரியா மட்டும் வரவில்லை. பதினொன்றிலிருந்தும் அவர் பெயர் வரும் பக்கங்களை நகலெடுத்துக்கொண்டு போய் சாரிடம் நீட்டினாள்.

“பாத்தியா, பதினொரு பேருக்குக் கெடச்சிருக்கு. உனக்கு மட்டும் கெடைக்கலியா?”

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது போலாயிற்று. அந்தப் பதினொரு பேருக்கும் மின்னஞ்சல் போட்டாள். ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டினார், அவர் அடுத்தவரை. கடைசி ஆள், முதல் ஆளைக் கேட்கச் சொன்னார்.

வியாழக்கிழமை காலையில் குளச்சலுக்கு பஸ் ஏறினாள். ஏலக்கூடம், பள்ளிவாசல் தெரு என்று விசாரித்து விசாரித்து, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஜக்கரியாவையே பிடித்துவிட்டாள்.

“அதுவா? கருத்தரங்குக்குத் தலைப்பு மட்டும் குடுத்தேன் மக்கா. அன்னைக்குன்னு பாத்து மவளுக்குக் காய்ச்சல், போகல்ல. நிகழ்ச்சி நிரல்ல அச்சடிச்சிட்டாவ.”

“அப்போ கட்டுரை சார்?”

“எழுதவே இல்லியே!” என்றவர், கொஞ்சம் ஆசையாகக் கேட்டார். “ஏன், நல்லா இருக்குன்னு சொல்லுகாவளா?”

மத்தியானம் நூலகத்துக்குத் திரும்பி, நூலகர் ஷீஜாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மேசையில் கவிழ்ந்து அழுதாள். இல்லாத கட்டுரையைக் கொண்டு வா என்றால் அந்தப் பிள்ளை எங்கே போகும்?

ஷீஜா கொஞ்சமும் பதறவில்லை. கணினியில் இன்னும் ஏற்றாத பழைய ஆய்வேடுகள் இருந்த பீரோவைத் திறந்து, தடித்த ஒன்றை எடுத்து சுனிதாவின் முன்னால் வைத்தாள்.

“அழாதட்டீ. இந்த ஜக்கரியாவை முதமுதல்ல மேற்கோள் காட்டி டாக்டர் ஆனதே உங்க சுயம்புலிங்கம் சாருதான். என்னைக்காவது ஒருத்தி கண்டுபிடிச்சுத் தந்திர மாட்டாளான்னு வருஷத்துக்கு ஒரு பிள்ளையை அனுப்பிட்டே இருக்காரு!”