அப்பாவின் பாட்டிலில் இருந்தது

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சுகம் என்று தொடங்கத்தான் ஆசை, பேனா ஓடவில்லை. போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் லேபில் வேலை பார்க்கிறீர்கள், உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும்.

அப்பாவுக்குப் பத்து வருடமாக பி.பி. இருக்கிறதே, அதனால் கிட்னியையும் பார்த்துவிடலாம் என்று டாக்டர் ரத்தமும் காலையில் முதலில் போகும் சிறுநீரும் கேட்டார். அப்பா பாட்டிலை நிரப்பிக் குளியலறை ஜன்னலில் வைத்துவிட்டுச் சட்டை மாற்றப் போனார். நான் துண்டை இழுக்க, துண்டு பாட்டிலைத் தட்ட, எல்லாம் தரையில். அப்பா பஸ் ஓட்டுகிறவர், ஒரு நிமிடம் தாமதமானாலும் வீட்டை இரண்டாக்கிவிடுவார். பயத்தில் நானே நிரப்பி வைத்தேன். பாதிதான் வந்தது. அம்மா அதைப் பையில் போட்டுக் கொடுத்தனுப்பினாள்.

முந்தாநாள் ரிசல்ட் வந்தது. ரத்தத்தில் குறை இல்லையாம். சிறுநீரில் மட்டும் புரதம் ஒழுகுகிறதாம். டாக்டரே தலையைச் சொறிந்தாராம். ஒரு தடவை பார்த்து எதுவும் சொல்ல முடியாது, மறுபடி எடுங்கள், மூன்று மாதம் தாண்டியும் இருந்தால்தான் நாள்பட்ட கிட்னி நோய் என்போம் என்றாராம். அப்பா காதில் விழுந்தது 'நோய்' மட்டும். அன்றிலிருந்து வீட்டில் உப்பு கிடையாது. அம்மா மணிக்கொரு தரம் அவர் கணுக்காலை அழுத்தி, குழி விழுகிறதா, வீக்கமா என்று பார்க்கிறாள். இன்று சாயங்காலம் அவர் என்னைக் கூப்பிட்டு, "நான் இல்லாட்டியும் படிப்ப மட்டும் விட்றாதம்மா" என்றார். நான் அழுதேன், பாசம் என்று நினைத்துக்கொண்டார். பாசமும்தான். ஆனால் ஒழுகுவது என்னுடையதல்லவா அத்தை? கிட்னி கெட்டால் காலையில் கண் வீங்கும் என்று ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதியிருக்கிறது. இன்று காலை கண்ணாடியில் பார்த்தேன், வீங்கியிருந்தது. ராத்திரியெல்லாம் அழுததாலும் இருக்கலாம். பாட்டிலை நிரப்பியதற்கு முந்தின நாள் பள்ளியில் ஓட்டப்பந்தயம் ஓடினேன், அதனால் புரதம் வருமா? நாளைக் காலை அப்பா மறுபடி பாட்டில் தரப்போகிறார். உண்மையைச் சொன்னால் அவர் பயம் தீரும், நான் தொலைந்தேன்.

மாமாவுக்கு என் வணக்கம், பாப்பாவுக்கு முத்தம்.

உங்கள் அண்ணன் மகள்

பி.கு.: டார்ச் வெளிச்சத்தைப் பார்த்து அம்மா வந்துவிட்டாள். கடிதம் முழுவதையும் படித்தாள். அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவள் மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்து, "பாதி பாட்டில் குடுத்தா திருப்பி அனுப்பிடுவாங்கன்னு மீதிய நான்தான்டி நிரப்பினேன்" என்றாள். இப்போது என் கணுக்காலை அவளும் அவள் கணுக்காலை நானும் அழுத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். காலையில் மூன்று பாட்டில் வேண்டும். அதை அப்பாவிடம் சொல்வது யார் என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.