ஓமெல்கோ தலையில் அப்பிய சேறு

எங்கள் கோசாக் படையில் எல்லாம் முறைப்படி நடக்கும். யாரைத் தலைவனாகத் தேர்ந்தெடுத்தாலும் அவன் இரண்டு முறை மாட்டேன் என்று மறுக்க வேண்டும். மூன்றாவது முறை ஒப்புக்கொண்டதும் மூத்தவர்கள் நாங்கள் அவன் தலையில் ஆற்றுச் சேற்றை அப்புவோம். பதவி வந்ததும் ஆட்டம் போடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு.

அந்த வருஷம் ஸ்பித்கோ பிரபு என் இருபது தேன்கூடுகளைத் தூக்கிக்கொண்டு போனார். மேற்படி விஷயமாக நீதிமன்றம் போனேன்.

"குலச்சின்னம் இருக்கா?" என்றார் குமாஸ்தா.

"தேன்கூடுதாங்க இருந்துச்சு."

"சின்னம் இல்லாதவனுக்கு நஷ்டமே வராதுய்யா. சட்டம் அப்படி."

படையில் என்னோடு இருந்த ஓமெல்கோவிடம் போய்ச் சொன்னேன். அவனுடைய மாவு ஆலையையும் அதே பிரபுதான் விழுங்கியிருந்தார். கலகம் என்று முடிவாயிற்று. ஓமெல்கோ அவசர அவசரமாக இரண்டு முறை மறுத்துவிட்டுத் தலையை நீட்டினான். நானும் இரண்டு கை அள்ளி அப்பினேன். மூன்றே வாரத்தில் கோட்டை எங்கள் கைக்கு வந்தது. பிரபு படகேறி ஓடினார்.

பிரபுவின் கரடிச் சின்னத்தை இறக்கியதில் சுவர் காலியாகிவிட்டது. என்ன வரையலாம் என்று ஓமெல்கோ கேட்டான். "உன் தலையில இருக்கறதையே வரைஞ்சுக்கடா" என்று யாரோ கேலி செய்தார்கள். வரைந்தேவிட்டான். தங்கச் சட்டத்துக்குள் ஒரு பிடி சேறு.

அதன்பின் படையில் எவனும் தலை கழுவவில்லை. காய்ந்து உதிர்ந்தால் புதுசாக அப்பிக்கொண்டார்கள். பெண் கொடுப்பவர்கள் மாப்பிள்ளையின் தலையைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பித்தார்கள்.

என் கூடுகள் மட்டும் கோட்டைத் தோட்டத்திலேயே இருந்தன.

"ஓமெல்கோ, என்னோடதைக் குடுத்துடுப்பா."

"கர்போ அண்ணே, உனக்கில்லாததா? ஆனா உன் தலை இப்படிச் சுத்தமா இருக்கே. உன் மனுவை வாங்குனா நாலு பேர் என்ன சொல்வாங்க?"

"உன் தலையில சேத்தை அப்புனதே நான்தானே."

"அப்புனவங்களைப் பத்திச் சட்டத்துல ஒண்ணும் இல்லைண்ணே."

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஆற்றுக்குப் போய்க் காதுவரை பூசிக்கொண்டேன். அன்றே, 'மனுதாரர் கோரிக்கை நியாயமானதெனத் தெரியவருகிறது' என்று உத்தரவு வந்தது. கூடவே இருபத்தைந்து கூடுகளும் வந்தன.

ஒரு வாரம் கழித்துப் பக்கத்து வீட்டு ஹாப்கா வந்தாள். "அண்ணே, அதுல அஞ்சு என்னோடது, பிரபு தூக்கிட்டுப் போனது. அதை வச்சுத்தான் புள்ளைங்களுக்குக் கஞ்சி ஊத்தணும்."

"உன்னோடதுதாம்மா, எனக்கே தெரியும். ஆனா உன் தலை சுத்தமா இருக்கே."

"அவ்வளவுதானே? நானும் போய்ப் பூசிக்கிட்டு வரேன்."

"அது முடியாதும்மா. நேத்துதான் ஆத்தங்கரை முழுக்க வேலி போட்டாங்க. கண்டவங்களும் சேறு அள்ளுறாங்கன்னு மனு கொடுத்ததே நான்தான்."