எத்தனை தடவை தூக்குவது?

ஏப்ரல் மாதம் முதல் சனிக்கிழமை, நான் பலசாலி ஆவதென்று முடிவு செய்தேன். காரணம், நீச்சல் குளத்தில் சீட்டு கொடுக்கிற பெண். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். வயதைக்கூடக் கேட்கவில்லை. முதியோர் சீட்டைக் கிழித்து நீட்டினாள். நான் அதை வாங்கிக்கொண்டேன் என்பது வேறு விஷயம்.

எங்கள் ஊர் டால்விக். ஐஸ்லாந்தின் வடக்குக் கரையில் இருக்கிறது. துறைமுகத்தில் எனக்கு வேலை. படகுகள் கொண்டுவரும் மீனை எடை பார்த்து எழுதுவேன். இருபத்தாறு வருடமாக டன் கணக்கான எடையோடு பழகியவன். தூக்கியது பேனாவை மட்டும்.

"உடம்பைத் தேத்தப் போறேன்" என்று வீட்டில் அறிவித்தேன்.

உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்த என் மனைவி ஸ்வாவா, "எந்த உடம்பை?" என்று கேட்டாள்.

"என் உடம்பைத்தான்."

"சரி. புதுசா ஒண்ணு வாங்கப் போறியோன்னு பார்த்தேன்."

குளத்தை ஒட்டியே ஜிம். நடத்துபவர் உன்னூர். அந்தக் காலத்தில் குண்டு எறியும் வீராங்கனை. அறுபது வயதாகிறது. அவர் கை குலுக்கினால் எனக்கு இரண்டு நாளைக்குப் பேனா பிடிக்க வராது.

"பலம் வேணுமா, சதை வேணுமா?" என்றார்.

"ரெண்டும் ஒரே இடத்துல கிடைக்காதா?"

அவர் சிரிக்கவில்லை. "பலம் வேணும்னா கனமாத் தூக்கணும். அஞ்சு தடவைக்கு மேல வேண்டாம். அப்புறம் மூணு நிமிஷம் உட்காரு, மறுபடி தூக்கு. சதை வேணும்னா நடுத்தர எடை, எட்டுலேர்ந்து பன்னண்டு தடவை. லேசா வச்சு முப்பது தடவை தூக்கினாலும் சதை வரும். எதுவா இருந்தாலும் கடைசி ரெண்டு தடவை 'ஐயோ'ன்னு இருக்கணும். இல்லைன்னா தூக்கினதா கணக்கு இல்ல."

மூன்று நிமிஷம் உட்காரு என்றாரே, அந்த இடத்திலேயே நான் பலத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். தூக்கினேன். உட்கார்ந்தேன். தூக்க வந்தவனுக்குத் தூக்கம் வந்தது. உன்னூர்தான் தோளைத் தட்டி எழுப்பினார்.

இருந்தாலும் விடவில்லை. மூன்று வாரத்தில் எண்பது கிலோவைத் தரையிலிருந்து எடுத்து நிமிர்ந்துவிட்டேன். அதை ஜிம்மோடு விட்டிருக்கலாம். சாப்பாட்டு மேஜைக்குக் கொண்டுவந்ததுதான் தப்பு.

"எண்பது கிலோ, ஸ்வாவா. அஞ்சு தடவை."

"அஞ்சே அஞ்சுதானா?"

"பலத்துக்கு அவ்வளவுதான். அதிகம் கூடாது. நடுவுல மூணு நிமிஷம் ஓய்வு. கட்டாயம்."

அவள் மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். "நம்ம நிலவறைக்கு எத்தனை படி, ஹ்யால்டி?"

எண்ணிப் பார்த்துச் சொன்னேன். ஐந்து.

நிலவறையில் ஒரு பெரிய ஃப்ரீசர் இருக்கிறது. உள்ளே ஆட்டிறைச்சி. அதை மேலே கொண்டுவரச் சொல்லி ஒன்பது வருடமாகக் கேட்கிறாள். எனக்கும் ஒன்பது வருடமாக முதுகு வலி. மறுநாள் பக்கத்து வீட்டுக் கெயிர் ஒரு முனையைப் பிடித்தான், நான் மறுமுனை. ஸ்வாவா கடிகாரத்தோடு மேல் படியில் நின்றாள். ஒரு படி ஏறினோம்.

"உட்காருங்க. இன்னும் ரெண்டே முக்கால் நிமிஷம் இருக்கு. முறைப்படி செய்யணும்."

"இறைச்சியை வெளிய எடுத்திருக்கலாமே" என்றான் கெயிர், மூச்சுக்கு நடுவே.

"அப்புறம் கனத்துக்கு எங்க போறது?"

ஐந்தாவது படியில் நான் பலத்தின் மேல் இருந்த ஆசையை விட்டேன். திங்கட்கிழமை உன்னூரிடம் போய், சதைக்கு மாறிவிடுவதாகச் சொன்னேன். வீட்டிலும் முன்கூட்டியே சொல்லி வைத்தேன்.

"இனிமே கனமா எதுவும் தொடக் கூடாது. நடுத்தர எடைதான்."

"எத்தனை தடவை?"

"பன்னண்டு."

"ஒரே ஒரு ரவுண்டா? உனக்கா?"

'உனக்கா' என்பதை அவள் சொன்ன விதத்தில் ஏமாந்தேன். "மூணு ரவுண்டு" என்றேன்.

சனிக்கிழமை அவள் அண்ணன் டிராக்டரோடு வந்தான். உருளைக்கிழங்குப் பாத்திக்கு ஆட்டெரு. முப்பத்தாறு மூட்டை. முப்பத்து நாலாவது மூட்டையில் நான் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"மிச்சத்தை நாளைக்கு வச்சுக்கலாம்."

"கடைசி ரெண்டுலதான் சதையே வளருதுன்னு நீதானே சொன்னே. இவ்வளவு தூரம் வந்துட்டு நஷ்டப்படணுமா?"

நஷ்டப்படவில்லை. தூக்கினேன்.

கெயிரோடு நீச்சல் குளத்து வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு உட்கார்ந்து யோசித்தேன். அவனுக்கும் இடுப்பு சரியாகவில்லை.

"முப்பது தடவைக்குப் போயிடு" என்றான். "லேசான எடை. வீட்டுல யாரும் லேசான வேலைக்கு ஆம்பளையைத் தேட மாட்டாங்க."

கெயிர் விவாகரத்து ஆனவன். அதை நான் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

"இறகு மாதிரி எடை, ஸ்வாவா. முப்பது தடவை. அதுக்கு மேல உன்னூர் அனுமதி இல்ல."

அவள் அலமாரியைத் திறந்து ஒரு பெயின்ட் பிரஷை என் கையில் வைத்தாள். "இந்த எடை ஒத்துக்குமா?"

"இதுல என்னத்தைத் தூக்கறது? இது தடவுறதுக்கு."

"அதான். வேலிப் பலகை ஒவ்வொண்ணுக்கும் முப்பது தடவை தடவு."

வேலி வீட்டைச் சுற்றி வருகிறது. மாதமோ ஜூன், ராத்திரியிலும் வெளிச்சம். இருட்டிவிட்டது என்று சொல்லித் தப்பிக்க எங்கள் ஊரில் வழியில்லை.

அந்த வாரக் கடைசியில் உன்னூரே கூப்பிட்டு, "பத்து வாரம் ஆச்சு. ஒரு வாரம் எதையும் தூக்காதே. ஓய்வுலதான் உடம்பு தேறும்" என்றார். அவர் கையை நானாகவே பிடித்துக் குலுக்கினேன். வலித்தது. பரவாயில்லை. வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் பார்த்தேன். தோள் நிஜமாகவே அகன்றிருந்தது. சட்டை இறுக்கியது, அதுவும் வயிற்றில் இல்லை.

"ஓய்வு வாரம்" என்றேன். "அசைய மாட்டேன்."

"கொஞ்சம்கூடவா?"

"விரலைக்கூட."

"ரெண்டு மணி நேரம் அப்படியே இருப்பியா?"

"ஏழு நாளும் இருப்பேன்."

வியாழக்கிழமைகளில் ஊர் நூலகத்தில் பெண்கள் கூடிப் படம் வரைவார்கள். ஸ்வாவாவும் போவாள். அந்த வாரம், மாடலாக உட்கார வேண்டிய ஆளுக்குக் காய்ச்சலாம். அன்று மாலை ஒன்பது பெண்களுக்கு எதிரே, நீச்சல் டிரவுசரோடு, முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். மூக்கு அரித்தது. சொறியப் போனேன்.

"ஓய்வு" என்றாள் ஸ்வாவா, பென்சிலை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு.

ஒன்பதில் ஒருவர் உன்னூர். நன்றாக வரைவார் போலிருக்கிறது. அடுத்த வாரம் ஜிம்முக்குப் போனால், வாசல் சுவரில் நான் தொங்குகிறேன். கண்ணாடிச் சட்டம் போட்டிருந்தது. என் மாதிரியே இருந்தது, அதில் குறை சொல்ல முடியாது. அடியில் கொட்டை எழுத்தில் 'பயிற்சிக்கு முன்' என்று எழுதியிருந்தது.

பத்து வாரம். ஃப்ரீசர், எரு, வேலி எல்லாம் முடித்து உட்கார்ந்த உடம்பு அது. நான் எதையும் தூக்காமல் நேராக வீட்டுக்குத் திரும்பினேன்.

"ஸ்வாவா, அது 'முன்' இல்ல. 'பின்'. உன் சிநேகிதிகிட்டச் சொல்லி மாத்தச் சொல்லு."

அவள் என் தோளைத் தட்டிக் கொடுத்தாள். தட்டிக் கொடுத்தபோதே எனக்குச் சந்தேகம் வந்தது.

"முதல்ல அப்படித்தான் எழுதி மாட்டியிருந்தாங்க, ஹ்யால்டி. சேர வந்தவங்க மூணு பேர் பார்த்துட்டு வீட்டுக்குத் திரும்பிட்டாங்களாம்."